நாலு கொத்து இனாம் அரிசி

ஆம்பிளையை விட நாலு கொத்து அரிசிதான் இராக்கம்மாவுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்திக்கும் வாய் வருவதில்லை. தண்ணீர் விழுகிற பீலியில் குடத்தை வைத்துவிட்டு, நான் தலை திருப்பிய பிறகுதான் பேச்சு. நானும் இல்லை என்று சண்டைக்குப் போனதில்லை. அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த உண்மையில் நான் செய்த பிழை எது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.

தெமோதரைக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. என் வீட்டுக்காரர் மாடசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரெங்கம்மாவுக்கு ஏழு வயது. சின்னவனுக்கு மூன்று. நான் ஒருத்தி கொழுந்து பறித்து மூன்று வயிற்றைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்துத் துரை ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார். புருஷன் இல்லாமல், வேலைக்குப் போகும் வயதில்லாத பிள்ளைகளை வைத்திருக்கிற பெண்களுக்கு மாதம் நாலு கொத்து அரிசி இனாம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசி அடுக்கி வைத்திருக்கும் காம்பரா வாசலில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் சாக்கை விரித்துப் பிடிப்பேன். உடனே அரிசியைப் போட்டுவிடுவாரா? மாட்டார். "ஆம்பளத் தொணை ஏதும் உண்டா?" என்று கேட்பார். லயத்து ஜனமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். "இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அளக்கிற கொத்து சாக்கில் சரியும். ஒவ்வொரு மாதமும் எனக்கு யாரும் இல்லை என்பதை ஊரறியச் சொல்லித்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு வாங்கினேன். முதல் இரண்டு மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மாடசாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. குடி கொஞ்சம், அடி அதைவிடக் கொஞ்சம். ஆனால் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பானைக்கே கை நடுங்கும். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற உடம்பு, தின்னாமல் முடியுமா? மேல் சோறு அவருக்கு. குழம்பில் கிடக்கும் காய் அவருக்கு. கருவாட்டில் சதையுள்ள நடுத்துண்டு அவருக்கு. அவர் கேட்டு வாங்கியதே இல்லை. நானேதான் அள்ளி அள்ளி வைப்பேன். அவர் எழுந்த பிறகு மிச்சத்தில் வடிகஞ்சியை ஊற்றிக் கரைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுப்பேன். பானையைச் சுரண்டினால் வருவதை உப்பும் பச்சை மிளகாயும் வைத்து நான் முடித்துக்கொள்வேன். லயத்தில் எந்தக் காம்பராவிலும் இதே நடைதான். யாரும் இதை ஒரு சங்கதியாக நினைத்ததே இல்லை.

அவர் போனார். அழுதேன், மண்ணில் புரண்டு அழுதேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பீலியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். சின்னவனுக்கு முகம் தேய்க்கும்போது என் கைக்குக் கன்னம் அகப்பட்டது. ரெங்கம்மாவைத் திருப்பிப் பார்த்தேன். அவளுக்கும் விலா எலும்பு மறைந்திருந்தது. அட கடவுளே, அப்பன் செத்ததில் என் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்! இதை எந்த வாயால் யாரிடம் சொல்வேன்? தண்ணீர் விழுகிற சத்தத்தில் நின்று இன்னொரு தடவை அழுதேன்.

பகலெல்லாம் மலையில் போய்விடும். கொழுந்து பறிக்கிற கைக்கு யோசனை வராது. பொழுது சாயும் நேரம்தான் பொல்லாதது. பிள்ளைகள் வாசலில் விளையாடும். நான் ஈர விறகை ஊதிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தியிருப்பேன். இன்றைக்குக் கங்காணி என்னைத் திட்டினான், இன்றைக்கு அட்டை கடித்தது, இன்றைக்குச் சிரிப்பான ஒன்று நடந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? ஏழு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு சொல்வது? ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் என் தொண்டையே தூர்ந்து போய்விடும் போலிருந்தது.

அடுத்த காம்பராவில் சிவஞானம் இருந்தார். ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் எந்திரத்தில் வேலை. பெண்சாதி செத்து நாலு வருஷம், பிள்ளை கிடையாது. எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அவர் தனக்குத் தானே பொங்கித் தின்கிறவர். பாதி நாள் சோறு தீய்ந்த வாடை எங்கள் பக்கம் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அடுப்ப எறக்குங்க, கரிஞ்சு போச்சு!"

"நீங்க சொல்லித்தான் தெரியுது. மூக்கு அடைச்சிக் கெடக்கு" என்றார் அவர்.

அப்படித்தான் ஆரம்பம். லயத்துக்குப் பின்னால் அவர் பூசணியும் அவரையும் போட்டிருந்தார். ஒரு காய் எங்கள் வாசலுக்கு வரும். ஒரு சட்டிக் குழம்பு ரெங்கம்மா கையில் அவர் வாசலுக்குப் போகும். பொழுது சாய்ந்தால் அவர் அந்தப் பக்கம் அடுப்பு ஊதுவார், நான் இந்தப் பக்கம் ஊதுவேன். இருவருக்கும் நடுவில் சுவர். பேச்சு மட்டும் மேலால் போய் வரும். முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மனசில் உள்ளது வந்துவிடும். என் பிள்ளைகளுக்கு அவர் மாமா ஆனார்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. எதுக்குங்க இது? வெறகுதான் வீணாப் போகுது."

நான் ஊதுவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"என்ன சொல்றீங்க?"

"சோறு கொழையுது. அப்பறம் சொல்றேன்."

அன்றைக்குச் சோறு உண்மையிலேயே குழைந்துதான் போனது. நான் சிரித்துக்கொண்டே அதை வடித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தனியாக இருந்து சிரித்தேன்.

புருஷன் போனவள் அறுத்துக் கட்டுவது எங்களில் வழக்கம்தான், அதில் ஒரு குறைச்சலும் கிடையாது. லயத்துப் பெண்களும் "கட்டிக்கிடு புள்ள, ஆறு மாசமாச் சொவத்தோடல்ல குடும்பம் நடத்துற" என்று கேலி செய்தார்கள். எனக்கும் ஆசைதான். ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ஒவ்வொரு நாளும் சோற்றைப் பிள்ளைகளின் தட்டில் போடும்போது ஒரு பயம் வந்தது. ஆள் வந்தால் இனாம் அரிசி நின்றுவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்தப் பானை என்ன ஆகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக் கடைத்தெருவுக்கு இறங்கும் வழியில் அவரிடம் நேரிலேயே சொன்னேன்.

"அரிசி நின்னு போயிருமே."

"நாலு கொத்துத்தானே! நான் ரெண்டு ஆள் வேலை செஞ்சு ரெட்டைப் பேர் போடுறேன். ஸ்டோர்ல வேலைக்கா பஞ்சம்?"

"அரிசி கெடக்கட்டுங்க. ஆம்பள வந்தா பானை மாறிப் போகும்."

அவருக்குப் புரியவில்லை. மாடசாமி சாப்பிட்ட கதையை, பிள்ளைகளுக்குக் கன்னம் வந்த கதையை, யாரிடமும் சொல்லாத அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்பிடின்னா நான் கடைசியில திங்கிறேன். புள்ளைங்க மொதல்ல, நீங்க அப்பறம், மிச்சம் இருந்தா எனக்கு. சத்தியமாச் சொல்றேன்."

"வாயால சொல்றது லேசு."

"சோறு போட்டுப் பாருங்களேன்."

"பாப்போம். வார ஞாயித்துக்கெழம மத்தியானம் வாங்க" என்றேன்.

சம்பள நாளும் இல்லை, திருநாளும் இல்லை. மறு ஞாயிறு விடிந்ததும் கடைத்தெருவில் மர்ஸூக் நானா கடையில் போய்க் கட்டாக் கருவாட்டில் நல்ல துண்டாக மூன்று கேட்டேன். எப்போதும் அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளைத்தான் வாங்குகிறவள் நான்.

"என்ன புள்ள, விருந்தா?" என்றார் நானா.

"ஆமா, மாமியா வாராக."

"ஒன்ட மாமியா இந்தியாவுலல்லவா இரிக்கா?"

"கப்பல்ல வாராக. நீங்க நிறுத்துப் போடுங்க நானா!"

மூன்று துண்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, சிவஞானத்துக்கு ஒன்று. புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். பூசணிக்காயை வதக்கினேன். மத்தியானம் அவர் குளித்து, தலை சீவி, தன் சோற்றுக் கும்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனுஷனுக்கு வேர்த்து வழிந்தது.

நான் அவரைப் பார்க்காத மாதிரி சின்னவனுக்கு முதலில் போட்டேன். பிறகு ரெங்கம்மாவுக்கு. இரண்டு தட்டிலும் சோறு, காய், கருவாடு. வந்த ஆம்பிளையின் கும்பா காலியாக இருக்கப் பிள்ளைகளுக்குப் போடுவது எங்களில் பெரிய அவமரியாதை. மாடசாமியாக இருந்தால் கும்பா பறந்திருக்கும். சிவஞானம் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ராத்திரி வேலை முடித்து வந்த மனுஷன், காலையில் வெறும் சாயத் தண்ணீர்தான் குடித்திருப்பார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் கை அசையவில்லை, முகம் சுருங்கவில்லை.

"நீங்களும் போட்டுக்கங்க" என்றார் என்னிடம்.

"எனக்கென்ன, ஆக்கின வாசத்துலயே வயிறு நெறஞ்சிருச்சு. நீங்க இருங்க" என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பூரிப்பு. தேறிவிட்டார்! மனசுக்குள் அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கி வந்து என் காம்பரா மூலையில் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் கணக்கப்பிள்ளை கேட்டால் "உண்டுங்க" என்று சத்தமாகச் சொல்வதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

அகப்பையில் அவருக்குச் சோறு எடுத்தேன். அதற்குள் ரெங்கம்மா எழுந்தாள். தன் தட்டில் இருந்த கருவாட்டுத் துண்டை, ஒரு கடிகூடக் கடிக்காததை, அப்படியே எடுத்து அவருடைய கும்பாவில் வைத்தாள்.

"நீங்க தின்னுங்க மாமா."

"ஐயோ, நீ தின்னு தாயி. எனக்குத்தான் சட்டியில இருக்கே."

"இல்ல, நீங்கதான் தின்னணும். எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிள்ளை கையால் கொடுத்ததைத் தள்ளக்கூடாது என்று நினைத்திருக்கிறார் அந்த நல்ல மனுஷன். துண்டைப் பிட்டு வாயில் போட்டு, "என் தங்கம் குடுத்தது, என்ன ருசி!" என்றார். ரெங்கம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோயிலில் பரிவட்டம் கட்டிவிட்ட மாதிரி நின்றாள். பிறகு உட்கார்ந்து வெறும் சோற்றைத் தின்றாள்.

வயிறு நிறைந்துவிட்டதாம்! ஏழு வயதுப் பிள்ளை, நாலு வாய் தின்பதற்குள்! ஆள் இன்னும் வீட்டுக்கே வரவில்லை, அதற்குள் பிள்ளையின் மீன் அவர் கும்பாவுக்குப் போய்விட்டது. அவர் கேட்கவில்லை, நான் வைக்கவில்லை. மாடசாமி காலத்துப் பழக்கம் இந்தப் பிள்ளை உடம்பில் ஊறிக் கிடக்கிறது, ஒரு ஆம்பிளை வந்து உட்கார்ந்ததும் அது தானாக எழுந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். நாளைக்கு மீன், மறுநாள் காய், அப்புறம் சோறு. கன்னம் போய் மறுபடியும் விலா எலும்பு தெரியும். அவர் கும்பாவில் சட்டிக் கருவாட்டையும் போட்டுச் சோற்றையும் கொட்டினேன்.

பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் சந்தோஷமாக வந்தது.

"அப்ப, பொட்டியத் தூக்கிட்டு வரவா?"

"வேணாங்க."

"என்ன?"

"வேணாம். இது சரிப்பட்டு வராது."

அந்தப் பக்கம் அடுப்பு ஊதுவது நின்றது. "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார்.

"நீங்க ஒரு தப்பும் செய்யல."

"அந்த மீன் துண்டுக்காகவா?"

"ஆமா. அந்த மீன் துண்டுக்காகத்தான்."

"அது புள்ள ஆசையாக் குடுத்திச்சு, இராக்கம்மா." என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அதுதாங்க பயமா இருக்கு" என்றேன். இரண்டு அடுப்பும் தனித்தனியாக எரிந்து அணைந்தன.

மறு ஞாயிறு அரிசி போடும் நாள். சாக்கை விரித்துக்கொண்டு நின்றேன். ஸ்டோர் ஆட்கள் வேலை முடிந்து வாசலால் போய்க்கொண்டிருந்தார்கள், அவரும் இருந்தார். "ஆம்பளத் தொணை ஏதும் உண்டா?" என்றார் கணக்கப்பிள்ளை, எல்லாம் தெரிந்த சிரிப்போடு. "இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். வேண்டுமென்று கத்தவில்லை, மெதுவாகச் சொல்ல வரவில்லை. அரிசி விழுந்து சாக்கு கனத்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

மாதம் முடிவதற்குள் சிவஞானம் தோட்டத்தில் கணக்கு முடித்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சின்னவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ரெங்கம்மாவிடம் பூசணிக் கொடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன், கழுவிய பாத்திரத்தையே.

அந்தக் காம்பராவுக்கு வேறு ஆள் வரவில்லை. தீய்ந்த வாடை இல்லை, இருமல் இல்லை. ஒரு நாள் வாய் தவறி, "இன்னிக்கு மழை விடாது போல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். "யாருட்டம்மா பேசுற?" என்றான் சின்னவன். பூனையிடம் என்றேன். எங்களிடம் பூனை கிடையாது. பிள்ளைகளின் கன்னம் மட்டும் குறையவில்லை. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், நான் செய்தது சரிதான் என்று.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கொஞ்சம் கருவாடு வாங்கி இரண்டு துண்டாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டேன். ரெங்கம்மா தன் துண்டைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ!

"எதுக்குடி அது? மாமாவுக்கா? அவர்தான் போயிட்டாரே!"

முதுகில் ஒன்று வைத்தேன்.

"தின்னுடி! யாருடி ஒனக்கு இதக் கத்துக் குடுத்தது? ஒங்கப்பனா?"

அவள் விம்மினாள். "அப்பா தின்னது எனக்கு ஞாபகமே இல்லம்மா."

"பின்ன யாரு?"

"நீதான்."

"நானா? நான் எப்பச் சொன்னேன், ஆம்பளைக்கு எடுத்துக் குடுன்னு?"

"நீ ஒண்ணும் சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீ ஒரு நாளும் மீன் தின்னதே இல்லயே. எங்களுக்குப் போட்டுட்டு, வயிறு நெறஞ்சிருச்சும்ப. எங்க மேல ஆசைன்னுதானே? எனக்கு மாமா மேல ஆசை. அதான் குடுத்தேன். இது ஒனக்கு எடுத்து வச்சேன்."

செத்துப் போனவன் மேல் பழி போட்டேன். உயிரோடு இருந்தவரை ஊரை விட்டே அனுப்பினேன். கற்றுக் கொடுத்தவள் அகப்பையும் கையுமாக இங்கேயே நின்றிருக்கிறேன்!

அந்தப் பாதித் துண்டை அவள் பார்க்கத் தின்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹல்துமுல்லைக்குப் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் நடை. போய் நின்று என்னவென்று சொல்வேன்? அதற்குள் மர்ஸூக் நானா கடையில் ஒரு சேதி கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் அவர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டாராம், நல்ல பெண்ணாம். நல்லது என்றேன். நானா கேட்காமலே கருவாட்டை நிறுத்துக் கட்டித் தந்தார்.

இனாம் அரிசி இன்னும் வருகிறது. கணக்கப்பிள்ளை கேட்கிறார், இல்லீங்க என்கிறேன். வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் தின்கிறோம். கருவாட்டை மூன்றாக வெட்டுகிறேன். நாலாகவும் வெட்டியிருக்கலாம், துண்டு பெரிதுதான்.